துடக்கு வீட்டுத் தண்ணீர்

என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று காலை, சாவுத் துடக்கென்ற தீட்டுப் போக வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டைக் கழுவினோம். குடம், வாளி எல்லாவற்றிலும் இருந்த தண்ணீரை வெளியே ஊற்றிய அவருடைய அக்கா, என் கணவர் மீன் வளர்த்த தொட்டிக்கு அருகில் வந்தார்.

"இதையும் ஊத்திப்போட்டு, கல்லு, பில்டர் பஞ்சு எல்லாம் கழுவுவம். துடக்குத் தண்ணி வைச்சிருக்கக் கூடாது."

"ஏலாது மச்சாள். பைப் தண்ணியில குளோரின் இருக்கு, அதில கழுவினா பஞ்சில இருக்கிற, அழுக்கைத் தின்னுற கிருமியெல்லாம் செத்துப்போகும். பிறகு மீனும் சாகும்."

"மீனே பெரிசு? சனம் என்ன கதைக்கும்?"

ஒரு மாதமாக எல்லோரும் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள் நான். அன்று தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"கதைக்கட்டும். இந்த வீட்டில ஒரு சாவே காணும், இன்னொண்டு வேண்டாம்."

மச்சாள் வாளியைக் கீழே வைத்தார்.

இப்போதும் ஞாயிறுதோறும், என் கணவர் செய்ததுபோலவே கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போக முதல்நாளே பிடித்துவைத்த தண்ணீரை விடுகிறேன். முழுவதையும் ஒருபோதும் மாற்றுவதில்லை. அவர் ஊற்றிய தண்ணீரில் ஒரு துளியாவது அதில் மிச்சமிருக்கும். அதுதான் துடக்கென்றால், நான் துடக்கோடேயே இருந்துவிட்டுப் போகிறேன்.