பூந்திக்கொட்டையில் கழுவிய கடிகாரம்

பழைய தங்கக் கைக்கடிகாரங்களுக்கு விலை சொல்வது என் பிழைப்பு. திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் கடை. தங்கத்தை உரசிப் பார்க்க இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் நகைக்கடை. அவர்கள் உள்ளே ஓடுகிற மெஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேல்கூடான தங்கக் கேஸை மட்டும் எடை போடுவார்கள். நான் முதலில் டயலைத்தான் பார்ப்பேன். பழுப்பேறிக் கிடந்தாலும் கம்பெனி எழுத்து அழியாமல் இருக்கிற டயலுக்கு, சேர்த்து வைக்கிற பைத்தியங்கள் கொட்டிக் கொடுப்பார்கள். அழுக்குக்கா இம்புட்டு விலை என்று ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன வருஷம் கீரனூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். சர்க்கரை வியாதி, வலது கால் பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. மதுரையில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தால் கால் தப்பும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோப்பு ஏற்கெனவே பேங்கில் கிடந்தது. மிச்சம் இருந்தது, இறந்துபோன அவருடைய அப்பா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்த கடிகாரம் மட்டும்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். அசல் சுவிஸ். யாரும் கைவைக்காத மெஷின், டயலில் ஒரு எழுத்துகூட உதிரவில்லை.

"அண்ணே, ஒங்க காலு தப்பிச்சிருச்சு," என்றேன். வியாபாரி சொல்லக்கூடாத வார்த்தை. வாய் நிற்கவில்லை.

பழைய கடிகாரம் சேர்க்கிற சென்னைப் பார்ட்டி ஒருவருக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பணம் கொடுக்காமல் பிறத்தியார் தங்கத்தைக் கடையில் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நான் வந்தபோது, தோப்புக்காரர் மனைவியோடு கடை வாசலில் நின்றிருந்தார். அந்தம்மா மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அவிழ்த்தார். கடிகாரம் புதுசு போல மின்னியது. "என்னம்மா செஞ்சீங்க?" என்றேன்.

"பூந்திக்கொட்டத் தண்ணியில ஊறப்போட்டு, பிரஸ் வெச்சுத் தேச்சுட்டனுங்க. மெட்ராஸ்காரரு பாக்கற பொருளுங்களே, அழுக்கோட குடுத்தா நல்லாருக்குமுங்களா?"

தாலிக்கொடியை, தோட்டை, மூக்குத்தியைக் கழுவுகிற மாதிரியே இதையும் கழுவியிருக்கிறார். அடகுக்கோ விற்பனைக்கோ, தங்கம் எதுவானாலும் கழுவாமல் வெளியே எடுத்துப் பழகாத கை. கண்ணாடிக்குள் ஆவி கட்டியிருந்தது. திறந்தேன். டயல் பொரிந்து, எழுத்தெல்லாம் கரைந்து, மெஷினுக்குள் தண்ணீர் நின்றது. வந்த ஆத்திரத்தில் மேஜையை ஒரு குத்து குத்தினேன். அந்தம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஏனுங்க, நான் கழுவுனதாலீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தோப்புக்காரர் முந்திக்கொண்டார். "அட, அதில்ல புள்ள. அசலா இருந்தா தண்ணி பட்டு எழுத்து போவுமா? எங்கப்பன் நல்லா ஏமாந்துட்டாரு. உள்ள பூராம் டூப்ளிகேட்டு. அப்படித்தானுங்களே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கால் போகப்போகிறது என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னால் போச்சு என்று அவள் ஆயுசுக்கும் நினைக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கண் கெஞ்சியது. முப்பது வருஷத்தில் அசலைப் போலி என்று நான் சொன்னதில்லை.

"ஆமாம்மா, டூப்ளிகேட்டு. கேஸ் மட்டுந்தான் தங்கம்," என்றேன்.

வழியில் இருந்த சென்னைக்காரரைப் போனில் கூப்பிட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நகைக்கடையில் எடைக்குக் கிடைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் பத்தவில்லை. ஆடி பிறப்பதற்குள் காலை எடுத்துவிட்டார்கள்.

தை அமாவாசை கழிந்து ஒருநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அவர் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். அந்தம்மாதான் பேசினார்.

"மாமனாரு போட்டாவக் கழட்டி மாட்டுக் கொட்டாய்ல போட்டுட்டனுங்க. அமாவாசைக்குப் படையலும் வெக்கல. செல்லாத வாட்ச்ச வாங்கியாந்து, பெத்த மகன் காலையே தின்னுட்டாரு. அவருக்குச் சோறு ஒரு கேடா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொழும்பில் வயிற்றைக் கட்டி அசலை வாங்கிவந்த மனுஷர் அந்தக் கிழவர். அது மகனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இப்போதாவது சொல்லுவாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் பேட்டரியை மாட்டி, முள்ளைச் சரியாக வைத்தேன். "காசெல்லாம் வேணாம்மா, எடுத்துட்டுப் போங்க," என்று சிடுசிடுத்தேன்.

"நீங்க ஒருத்தராச்சும் உள்ளதச் சொன்னீங்க," என்று கும்பிட்டுவிட்டு, அந்தம்மா அவருக்குத் தோள் கொடுத்துப் படி இறக்கினார்.