முதல் பரிசு வாங்கிய முகம்

கேமராவைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கு ஒரு கோபுரம் வேண்டும், ஒரு தறி வேண்டும், சுருக்கம் விழுந்த முகம் ஒன்று வேண்டும். கிடைத்ததும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

நான் இங்கே ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறேன். மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை அழிப்பது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை எடுப்பதுதான் என் படம். அதில் பெரும்பாலும் ஆள் இருக்காது. வெறும் சுவர், அதில் விழும் வெளிச்சம், ஓரத்தில் ஏதோ ஒன்று. எவ்வளவு இடத்தைக் காலியாக விட்டால் அந்த ஓரம் பேசும் என்று பார்ப்பேன். பாதிப் படத்தை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று முதலாளி கிண்டலடிப்பார்.

அம்மா ஐயம்பேட்டையில் பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் வியாபாரம் ஓய்ந்தபின் கடைச் சுவரை எடுத்தேன். ஆவியும் புகையும் பட்டுக் கறுத்த சுவர். படத்தில் முக்கால்வாசி அதுதான். வலது ஓரத்தில், பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் முழங்கை மட்டும். விடிகாலையிலிருந்து நின்ற களைப்பு முழுக்க அந்த முழங்கையில் தெரிந்தது. அப்படி ஒன்றை அதற்குப் பிறகு நான் எடுக்கவேயில்லை.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். காஞ்சிபுரம்தான் தலைப்பு. அந்தப் படத்தை அனுப்பினேன். தேர்வான படங்களை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். கட்டாயம் மாட்டுவார்கள் என்ற திமிரில், அம்மாவைக் கடைக்கு லீவு விடச் சொன்னேன். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

என் படம் எங்கேயும் இல்லை. ஏற்பாட்டாளரைப் பிடித்துக் கேட்டேன். சுவர் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, இதில் காஞ்சிபுரம் எங்கே என்று நடுவர்கள் கேட்டார்களாம். நான் திரும்பியபோது அம்மா மண்டபத்தின் நடுவில் நின்றிருந்தாள். எதிரே, முதல் பரிசு வாங்கிய படத்தில், ஆளுயரத்துக்கு இன்னொரு அம்மா. பக்கத்து வீட்டுத் தறியில் உட்கார்ந்து, நூல் ஓட்டும் நாடாவைத் தோசைக் கரண்டி மாதிரி பிடித்திருந்தாள். கீழே 'தறியே வாழ்க்கை' என்று எழுதியிருந்தது.

என் அம்மா ஜென்மத்தில் தறியில் உட்கார்ந்தவள் இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒருவர், கடையில் இட்லி தின்றுவிட்டு, முகம் அம்சமாக இருக்கிறது என்று கூட்டிப்போய் உட்கார வைத்தாராம். ட்யூப்லைட்டை அணைத்து, ஜன்னலில் ஒரு கதவைச் சாத்தி எடுத்திருக்கிறார். கன்னத்தில் வெளிச்சம் விழுந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று கிளம்பினேன். அதற்குள் பார்க்க வந்தவர்கள் அம்மாவை அடையாளம் கண்டு சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு காலமாக நெய்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"சின்ன வயசுலேர்ந்தே தறிதாம்மா" என்றாள்.

கண் வலிக்காதா என்று கேட்டதற்கு, வலிக்கும் என்று கண்ணைக் கசக்கிக் காட்டினாள். செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. எதற்கு இந்தப் புளுகு என்று கேட்டே விட்டேன்.

"இட்லி ஊத்திக்கினு இருக்கறவளை யாரும்மா படம் புடிச்சு மாட்டுவாங்க?"

"நான் எடுத்தேனே."

அந்தப் படத்தை எத்தனையோ முறை போனில் அவளுக்குக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நல்லா இருக்குது என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"என் மூஞ்சி வேணாம்னுதானே செவுத்தை எடுத்தே."