வெளித் தாழ்ப்பாள்

ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் செந்தாமரை அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் ஹெல்மெட்.

"என்ன பாப்பா, அப்பிடி பாத்துகினு நிக்கற? ஒங்க பக்கத்து வூட்டுக்காரிதான்" என்று சிரித்தார்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2017இல்தான் நெய்வேலிக்குத் திரும்பியிருந்தேன். அக்காவின் கணவர் சிங்காரவேல் இறந்ததையும், அக்காவுக்கு வாரிசு வேலை கிடைத்ததையும் அம்மா போனில் சொல்லியிருந்தாள். எப்படி இறந்தார் என்பதைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தன் வீட்டில் வைத்து அக்காவே சொன்னார்.

சிங்காரவேல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்தார். பிறகு நைட் ஷிப்ட் முடிந்த காலைகளும் சேர்ந்துகொண்டன. சில வருடங்களில் சம்பளத்தில் பாதி மந்தாரக்குப்பத்துக் கடையோடு போனது. அக்காவின் கம்மல் அடகுக்குப் போய், காதில் வேப்பங்குச்சி வந்தது. குவார்ட்டர்ஸ் பிளாக்கில் விசேஷத்துக்கு அழைப்பவர்கள் குரலைத் தாழ்த்தி, "நீங்க மட்டும் வாங்கக்கா" என்பார்கள். அக்கா எதற்கும் போகவில்லை.

ஒருநாள் கை நடுங்கி, ஓடும் பெல்ட் பக்கம் சாய்ந்தவரை மேஸ்திரி பிடித்து இழுத்தார். மெடிக்கலில் தேறினால்தான் மறுபடி உள்ளே விடுவோம், திங்கட்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும்.

அக்காவின் தம்பி வேலுமணிதான் வழி சொன்னான். "நாலு நாளு உள்ள போட்டுப் பூட்டுவோம்க்கா. ஒரு சொட்டு குடுக்காத. தெளிஞ்சிருவாரு." பின்னறைக் கதவின் வெளிப்பக்கம் அவனே தாழ்ப்பாள் அடித்தான். சிங்காரவேல் தானாகத்தான் உள்ளே போய் உட்கார்ந்தார்.

"நான் கத்தினாலும் தெறக்காத தாமர. எனக்கு வேல வேணும்."

முதல் நாள் வாந்தி, வேர்வை. மறுநாள் தம்ளர் கையில் நிற்கவில்லை. அக்கா கஞ்சியை ஊட்டிவிட்டார். மூன்றாம் நாள் சிங்காரவேல், அறைக்குள் பெல்ட் ஓடுகிறது என்றார்.

"தாமர, கரி கொட்டுது பாரு. நிறுத்தச் சொல்லு. காலு மாட்டிக்கப் போவுது."

ஜன்னலில் எட்டிப் பார்த்த வேலுமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சோக்கா நடிக்கிறீங்க மாமா! செவப்பு பட்டன அமுக்குங்க, நின்னுரும்!"

அவர் சுவர் முழுக்கத் தடவித் தடவி அமுக்கினார். அக்காவும் சிரித்துவிட்டார். "ஒரு கிளாசுக்கு இத்தன கூத்தா?" என்று கேட்டாரே தவிர, திறக்கவில்லை.

இருட்டியதும் சத்தம் அடங்கியது. தூங்குகிறார் என்று நினைத்து, அக்கா திங்கட்கிழமை போட்டுப்போக அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கட்டில் சுவரில் மோதும் சத்தம் கேட்டு ஓடித் திறந்தால், வலிப்பு.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். சேர்த்தும் உயிர் நிற்கவில்லை. "இத்தனை வருஷம் குடிச்ச உடம்பும்மா. ஒரேயடியா நிறுத்தினா இப்படி ஆயிடும். இங்க கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்து நிறுத்தியிருப்போமே" என்றார் டாக்டர்.

"உசுரோட செய்யாதத செத்து செஞ்சிட்டான்" என்று பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். வேலை வந்தபோது, பெல்ட் பக்கம் மட்டும் வேண்டாம் என்று கேட்டு ஸ்டோரில் வாங்கிக்கொண்டார் அக்கா. கம்மலையும் மீட்டுவிட்டார். இப்போதெல்லாம் பத்திரிகை வைக்கிறவர்கள், "குடும்பத்தோட வந்துருங்க" என்கிறார்கள்.

பின்னறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆணி பிடுங்கிய ஓட்டைகள்தான் இருந்தன. அக்கா அதில் ஒன்றை விரலால் மூடிக்கொண்டு நின்றார்.

"குடிக்காதன்னு நான் சொன்னத அவரு கேட்டதில்ல. அவரு சொன்னதயும் நான் கேட்டதில்ல பாப்பா. தெறக்காதன்னாரே, அந்த ஒண்ணத்தான் கேட்டேன்."