மருந்துக்காரர் மகள்

வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு மாங்காய் கேட்கும், புளி கேட்கும், சிலருக்கு விபூதியை அள்ளித் தின்னத் தோன்றும். பொற்கொடிக்கு அப்பாவின் சட்டை கேட்டது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்போடு போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கறம்பக்குடியில் மாமியார் வீட்டில் இருந்தவரை சோறு கொதிக்கிற வாடைக்கே குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியவள் அவள். புருஷன் பிரவீன்குமார் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்லி வைத்தியம் பார்த்தான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆலங்குடிக்குக் கிழக்கே, மல்லிகைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு தொகுப்பு வீடு. வந்த மறுநாள் கொடியில் கிடந்த அப்பாவின் சட்டையை மடிக்கலாமென்று எடுத்தவள் மடிக்கவில்லை. அதை முகத்தோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். மாதக்கணக்காக ஆட்டிப்படைத்த குமட்டல் நின்றுவிட்டது, வாய் ஊறியது.

மண்ணெண்ணெயும் நசுக்கிய பூண்டும் கலந்த மாதிரி ஒரு கார வாடை. அவள் பிறந்து வளர்ந்த வாடை.

அப்பா சந்தனம் மருந்தடிக்கிறவர். மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் தருவதல்ல, செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, மல்லிகை மொட்டில் விழும் புழுவுக்கு அடிப்பதும் மருந்து, வாழ்க்கை வெறுத்து வாய்க்கால் ஓரம் நுரை தள்ளிக் கிடப்பவன் குடித்ததும் மருந்து. ஒரு சொல்லை இப்படி எல்லா வேலைக்கும் ஏவினால், அது யார் வீட்டில் எந்த வேலையைப் பார்க்கும் என்று யார் கண்டார்கள்?

இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, பொற்கொடி எழுந்து, "மருந்து குடுக்கிறாரு டீச்சர்" என்றாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "பூவுக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளுக்கு வெட்கமாகவே இல்லை. பூவுக்கெல்லாம் நோய் வரும், அப்பா போய்த்தான் சரியாக்குவார் என்று நினைத்திருந்த வயது அது.

சந்தனத்தின் அப்பா வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ஆள். மழை பொய்த்துப்போய், ஒரு மண்வெட்டியோடு பூக்கொல்லை வேலைக்கு வந்து தங்கியவர். மகன் காலத்திலும் அவர்கள் ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம்தான், காணி நிலம் கிடையாது. ஊரில் யாரும் தொடத் தயங்கிய வேலை மருந்தடிப்பது. கல்யாணமான கையோடு சந்தனமும் மனைவி செங்கமலமும் அதைக் கையில் எடுத்தார்கள். அவர் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு ஒரு கையால் பம்பை அடித்து மறுகையால் தெளித்துக்கொண்டு போவார். அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து, அண்டாவில் மருந்தை ஊற்றிக் கலக்கிக் கொடுப்பாள். கம்பு அகப்பட்டால் கம்பால், இல்லாவிட்டால் கையால். டேங்க் எப்போதும் ஒழுகும், அவர் முதுகுத்தோல் அங்கங்கே வெளுத்துப் போயிருந்தது. மருந்து டப்பாவில் கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் போட்ட ஓர் ஆளின் படம் இருக்கும். சித்திரை வெயிலில் அந்த வேஷத்தில் ஒரு வரப்பு நடந்து பார்க்கட்டும் அந்தப் படம் போட்டவர்கள். சந்தனத்துக்கு மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான்.

அந்த இரண்டு முதுகுகளும் வளைந்துதான் பொற்கொடி நிமிர்ந்தாள். புதுக்கோட்டைக் காலேஜில் பி.காம். முடித்தாள். வீட்டை ஒட்டிய கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். ஊர் அதிசயப்படும்படி கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒரு நாள்கூட அவர்கள் முடியவில்லை என்று உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. தன் அப்பா அம்மா மாதிரி உலகத்தில் யாரும் இல்லை என்பது அவளுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். சின்ன வயதில், பொழுது சாய டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், அவர் இறங்குவதற்குள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். "அழுக்குடி, குளிச்சிட்டு வரட்டும்டி" என்று செங்கமலம் கத்துவாள். அதை அப்பனும் மகளும் காதில் வாங்கியதே இல்லை.

அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. பொற்கொடிக்கு முன்னால் பிறந்த பிள்ளை அசைவில்லாமலே பிறந்தது. அவளுக்குப் பின்னால் தரித்தது ஆறாம் மாதத்தில் கலைந்தது. மாரியாத்தா கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்பாள் செங்கமலம். நடுவில் தங்கியது இவள் ஒருத்திதான். இவளைச் சுமந்த வருஷம் சந்தனம் பலாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, வேலைக்குப் போக முடியாமல் படுத்துக் கிடந்தார். வீட்டில் கஞ்சிக்கே திண்டாட்டம். செங்கமலம் தென்னங்கீற்று முடைந்து குடும்பத்தை ஓட்டினாள். "நீ வயித்துக்கு வந்த நேரம் அப்பன் காலு போச்சு, மண்ணுல விழுந்த நேரம் எந்திரிச்சு நடந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சந்தனம். அவளும் கூடச் சிரிப்பாள்.

தாய்வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது அந்தக் கதை எதுவும் அவள் நினைப்பில் இல்லை. நர்ஸ் பரிமளா எடை பார்த்து, ரத்தம் எடுத்து, வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வீட்ல மருந்து ஏதும் பொழங்குறீங்களா?"

"நீங்க குடுத்த சத்து மாத்திரை மட்டுந்தாங்கக்கா."

"அந்த மருந்து இல்லம்மா. பூவுக்கு அடிக்கிறாங்களே, அது."

"எங்க அப்பாவுக்குத் தொழிலே அதாங்கக்கா." பெருமையாகத்தான் சொன்னாள்.

பரிமளா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "புள்ள அசைவு எப்படி இருக்கு?"

"ரெண்டு நாளா கொஞ்சம் மந்தமா இருக்குதுங்க."

வயிற்றில் கருவியை வைத்து இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்திப் பார்த்தாள் பரிமளா. துடிப்பு கேட்டது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "நாளைக்குக் காலையிலயே புதுக்கோட்டைக்குப் போயி ஸ்கேன் எடுத்துரணும். அதுக்கு முன்னாடி அந்த வீட்ட விட்டுக் கெளம்பு. மாமியா வீட்டுக்கே போயிரு. வயித்துப் புள்ளைக்கு அது ஆகவே ஆகாதும்மா. மூச்சு வழியாவும் போகும், துணி வழியாவும் போகும். சிலதுக்குத் துடிப்பு உள்ளயே நின்னு போயிரும்."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளேயே நின்றுபோன அண்ணன். கலைந்துபோன தம்பியோ தங்கையோ. அப்பா டேங்கைத் தொடாமல் படுத்துக் கிடந்த வருஷத்தில் மட்டும் உயிரோடு வந்த தான். மாமியார் வீட்டுக்குப் போகிறேன் என்றால் அம்மா ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால், போன இரண்டு பிள்ளைகளையும் மாரியாத்தா மடியிலிருந்து பிடுங்கி அம்மாவின் கையிலேயே கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாமல் இருந்தால் வயிற்றில் இருக்கிற இதுவும் போகும். பஸ் ஊருக்குப் போய்ச் சேராமலே இருக்கக்கூடாதா என்று இருந்தது.

வீட்டில் செங்கமலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொற்கொடி முதலில் ஒரு பொய்யைத்தான் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு அந்த மருந்து வாடை ஒத்துக்கல. கறம்பக்குடிக்கே போயிர்றேன்."

செங்கமலம் சிரித்துவிட்டாள். "யாருகிட்டடி கத விடுற? நீ அப்பா சட்டைய மோந்துக்கிட்டு நிக்கிறத நான் பாக்கலயா? அவருகிட்டயும் சொன்னேன். மனுசனுக்குத் தலகால் புரியல. எம்மகளுக்குப் புடிச்சிருக்குன்னா கெடக்கட்டும், தொவைக்காதன்னு சொல்லிட்டாரு. ஒந்தலகாணிக்கு அடியில தெனமும் சட்டைய மடிச்சு வைக்கிறது யாருன்னு நெனச்ச?"

வந்த நாளிலிருந்து நன்றாகத் தூக்கம் வருகிறது, தாய்வீட்டு விசேஷம் என்று பொற்கொடிதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேம்மா. இன்னைக்கே."

செங்கமலத்தின் முகம் மாறியது. "தலப்பிரசவத்துக்கு வந்தவ பாதியில போனா ஊரு என்னடி சொல்லும்? புள்ளத்தாச்சிக்குக் கஞ்சி ஊத்த வக்கில்லாம வெரட்டி விட்டுட்டாங்கன்னு காறித் துப்பும். ஒங்கப்பா தலை நிமிந்து நடக்க வேணாமா? என்ன கொறை வச்சோம், சொல்லு."

"ஒரு கொறையும் வைக்கலம்மா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனிப் பொய்க்கு இடமில்லை. நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். மூச்சு வழியாக, துணி வழியாக, உள்ளேயே நின்றுவிடும் என்பது வரை சொன்னாள். பழைய கதையை மட்டும் தொடவில்லை. அம்மாவுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று உள்ளுக்குள் எல்லாச் சாமிகளையும் கும்பிட்டாள்.

செங்கமலம் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு கை நின்றது. காய்ப்புப் பிடித்து விரல்நுனி வெடித்துப் போயிருந்த தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மூத்தவன் வயித்துல இருக்கையில நாந்தான் கலக்கிக் குடுத்தேன். நெறமாசத்துலயும் கலக்கினேன். ஒனக்கு அடுத்தது தரிச்சப்பவும் நாந்தான்."

"அம்மா, விடும்மா."

"ஒன்னயச் சொமந்தப்ப அவரு காலு ஒடிஞ்சு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கீரைத்தட்டு மடியிலிருந்து சரிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. சுவரைப் பார்த்து, யாரிடமோ நியாயம் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மருந்துன்னுதானடி சொன்னாங்க."

பொற்கொடி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். செங்கமலம் அழவில்லை. அவள் அழாதது பொற்கொடிக்குப் பயமாக இருந்தது.

பாதையில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. செங்கமலம் மகளை விலக்கிவிட்டு எழுந்து, படலண்டைக்கு ஓடினாள். இத்தனை வருஷத்தில் புருஷன் வந்ததும் சொம்புத் தண்ணீரோடு எதிரே போயே பழகியவள், இரண்டு கையாலும் படலை இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிட்டே நில்லுங்க! உள்ள வராதீங்க!"

சந்தனம் ஒரு காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தினார். முதுகில் காலி டேங்க், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மகளுக்கு வாங்கி வந்த பலாச்சுளைப் பொட்டலம் கைப்பிடியில் தொங்கியது. மனைவியையும் அவளுக்குப் பின்னால் வாசலில் நிற்கும் மகளையும் பார்த்து, ஒன்றும் விளங்காமல் சிரித்தார்.

"ஏன் புள்ள? பாம்பு கீம்பு கெடக்கா?"

செங்கமலம் படலை விடவில்லை. காற்று அவர் பக்கமிருந்து வீசியது. பொற்கொடி முந்தானையால் மூக்கை அழுத்திப் பொத்தினாள். துணியையும் தாண்டி அந்த வாடை வந்தது. அவளுக்கு வாய் ஊறியது. இரண்டு நாளாக மந்தமாகக் கிடந்த பிள்ளை, தாத்தா வந்தது தெரிந்ததுபோல், வயிற்றுக்குள் ஒரு புரட்டுப் புரண்டது.