கன்னத்தில் சூடு பார்க்கும் அன்புக்கரசி

சார்ஜரின் கறுப்புப் பெட்டியைக் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு அன்புக்கரசி கண்ணை மூடுகிறார். இளஞ்சூடாக இருந்தால் லேப்டாப்புக்குள் கரண்ட் போகிறது. சில்லென்றிருந்தால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. “சாலிடர் வைக்கிற சூட்டுக்கோலு புடிச்சி புடிச்சி வெரலு மரத்துப் போச்சிங்க. கன்னந்தான் சரியா சொல்லும்” என்பார். பிறகுதான் கரண்ட் அளக்கும் மீட்டரை எடுப்பார். பெரும்பாலும் மீட்டர் அவர் கன்னத்தை ஆமோதிக்கும்.

நெய்வேலி மெயின் பஜாரில், தையல்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே அரை ஷட்டர் அகலத்தில் அவர் கடை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: “பேட்டரி பூட்ச்சிங்க.” அன்புக்கரசி தலையாட்டிவிட்டு, “வூட்டுல எந்த பிளக்குல போடுறீங்க? வேற பிளக்குல போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்பார். வந்தவர் முழிப்பார். பாதிப் பேரின் வியாதி அங்கேயே தீர்ந்துவிடும். சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டுச் சுவரில் பிளக் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்து ஒயரின் கழுத்தை நீவிப் பார்ப்பார். அதற்கடுத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சார்ஜர் குத்தும் துளையைக் கூட்டுவார். பழுப்பு நிலக்கரித் தூசி ஒரு சிட்டிகை கொட்டும். ஸ்க்ரூடிரைவர் கைக்கு வருவது கடைசியில்தான். ஒயரை இறுக்கிச் சுற்றி வைப்பவர்களிடம் மட்டும் கோபம் வரும். “மாட்டுக் கவுறாங்க இது? முறுக்கிகினே இருந்தா அறுந்துதான் பூடும்.”

2016 ஏப்ரலில் ஒரு மதியம், முதல் ஷிப்ட் முடித்த பூட்ஸோடு வந்து நின்றார் சிங்காரவேலு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மகள் சத்யா என்ஜினியரிங் கடைசி வருடம். மறுநாள் காலை புராஜெக்ட் காட்ட வேண்டும். செய்ததெல்லாம் அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. இரண்டு நாளாக சார்ஜ் ஏறவில்லை. வேறொரு கடையில் போர்டே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

பிளக், ஒயர், துளை எல்லாம் சரி. திருப்பிப் போட்டதும் அன்புக்கரசியின் கை நின்றது. பேட்டரி பூரிபோல உப்பி, இருந்த குழியில் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மெல்ல நெம்பிக் கழற்றினார். தன் லேப்டாப்பும் அதே வகை என்பதால், அதன் பேட்டரியை உருவி இதில் மாட்டினார். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

“போர்டு நல்லாருக்குண்ணே. பேட்டரிதான் கெட்டுப் போச்சி. கடலூர்ல சொன்னா புதுசு வர நாலு நாளாவும்.”

“நாலு நாளா? நாளைக்கி காலைல பரிச்சம்மா! அங்க ஒயரு போட பிளக்கு கெடையாதாம். அந்தப் பழசையே அமுக்கி மாட்டிக் குடு. ஒரு நாளு ஓட்டிக்கிறோம்.”

“மாட்ட மாட்டேண்ணே.”

“எம் பொருளு, நான் கேக்கறேன். ஒனக்கின்னா?” குரல் உயர்ந்தது. தையல்கடை மிஷின் நின்றது.

அன்புக்கரசி குரலை உயர்த்தவில்லை. “வேலைக்கி எறங்கறதுக்கு முந்தி சேப்டி மீட்டிங்கு போடுவாங்கல்லண்ணே? அங்க ஒங்களுக்கு சொல்றதத்தான் இங்க நான் சொல்றேன். இது புகைஞ்சி தீப் புடிச்சிக்கும். பாப்பா மடியில வச்சிகினு படிக்கிற சாமானு.”

சிங்காரவேலு கல்லாப்பலகையைப் பிடித்துக்கொண்டார். மகளின் பெயரை மட்டும் ஒருமுறை முணுமுணுத்தார்.

அன்புக்கரசி தன் பேட்டரியைக் கழற்றவில்லை. அப்படியே மூடி, பையில் போட்டு நீட்டினார். “எடுத்துகினு போங்க. புதுசு வந்ததும் மாத்திக்கலாம். நான் அதுவரிக்கும் ஒயர்லயே ஓட்டிக்கிறேன்.”

சிங்காரவேலு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அதன்பின் அன்புக்கரசி உப்பிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய பெயிண்ட் டின்னுக்குள் இறக்கினார். டீக்கடையின் கேஸ் சிலிண்டரை ஒருதரம் பார்த்தார். பிறகு டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து காலி மனையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். ஆடு ஒன்று மோந்து பார்க்க வந்தது. அதை விரட்டிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் டின்னுக்குச் சற்றுத் தள்ளிக் காவலாக நின்றார்.