பொட்டு வைத்த துப்பாக்கி

மகள் ஆன்லைனில் துப்பாக்கி வாங்கியிருக்கிறாள் என்று மனைவி போன் செய்தபோது, நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்றைக்கு மீதி ஷிஃப்ட் எப்படிப் போனது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஏர்சாஃப்ட் என்கிற விளையாட்டுத் துப்பாக்கி. மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றைத் தள்ளும். காற்று ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். குண்டு ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. இருப்பதிலேயே மலிவான ரகம். மகள் மெக்கானிக்கல் முதல் வருடம் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருந்து வார இறுதியில் வருவாள்.

"சுடுறதுக்கு வாங்கலப்பா. பிரிக்கிறதுக்கு வாங்கினேன்."

"பிரிச்சிட்டு?"

"நல்லாப் பண்ணி மாட்டுவேன்."

"மாட்டிட்டு?"

"சுடுவேன்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரே கவலை, கண். யாருடைய கண் என்று தெரியாது. மகளின் கண், அவள் அம்மாவின் கண், பின் க்வார்ட்டர்ஸில் துணி காயப்போட வரும் அம்மாளின் கண், மாமரத்து அணிலின் கண். எல்லாக் கண்களையும் மனதுக்குள் வரிசையாக எண்ணிக்கொண்டே அன்று சாப்பிட்டேன்.

எங்கள் நகரியத்தில் ஓர் இயந்திரம் சரியாக ஓடவில்லை என்றால் யாராலும் சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டில் கிரைண்டர் சத்தம் மாறினால், பந்தியில் இருந்து எழுந்து போய் பேரிங் போய்விட்டது என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். பின்புறத் தோட்டத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் தாளை ஒட்டி, அதற்குப் பின்னால் பழைய போர்வையைக் கொடியில் தொங்கவிட்டு, மகள் முதல் குண்டைச் சுட்டாள். பெட்டியில் படவில்லை. போர்வையிலும் படவில்லை. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அவமானமாக இருந்தது.

"பெல்ட் ஒரு பக்கமா ஓடுற மாதிரி ஓடுதே," என்றேன். "குழாய் ஆடுது பாரு."

"அதான் பிரிக்கணும்னேன்."

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வேகம் கூடக் கூடாது. அதற்காக ஸ்பிரிங்கில் கை வைக்கக் கூடாது. நேராகப் போனால் போதும். அவள் ஒப்புக்கொண்டாள். கூடத்தில் செய்தித்தாளை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். குழாயைச் சுற்றி டேப் ஒட்டி, வெளிக்கூட்டுக்குள் ஆடாமல் இறுக்கினாள். பிஸ்டனின் ரப்பர் வளையம் தொளதொளவென்று இருந்தது. அதைக் கழற்றி, அடியில் குழாய் வேலைக்குச் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, மேலே வளையத்தை ஏற்றி, சிலிகான் கிரீஸ் தடவினோம். குழாயின் உள்ளே காது குடையும் பஞ்சை விட்டுத் துடைத்தாள். கறுப்பாக வந்தது.

"இந்த ஊர்ல துப்பாக்கிக்குள்ளயும் நிலக்கரித் தூசியா?" என்றாள்.

என் மனைவி பக்கத்துக் கிராமத்துக்காரி. துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"வூட்ட ஒர்க்‌ஷாப்பா ஆக்கிகினு இருக்கீங்க அப்பனும் மவளும். நேத்து பாயசத்துக்கு ஜவ்வரிசி எடுத்தா அதுல ஒரு குண்டு கெடக்குது. வேக வச்சிருந்தா உங்களுக்குத்தான் போட்டிருப்பேன்."

மறுபடி மாட்டியதும் குண்டு தாளின் நடுவிலேயே போய் விழ ஆரம்பித்தது. கனமான குண்டு வாங்கியதும் இன்னும் நேராகப் போனது. காற்று கசியாததால் வேகமும் கூடியிருந்தது. கசிவை நான் நிபந்தனையில் சேர்க்கவில்லை. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சேஃப்டி கண்ணாடி வாங்க மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனேன். அவளுக்கு ஒன்று, அவள் அம்மாவுக்கு ஒன்று. எனக்குத்தான் பவர் கண்ணாடி இருக்கிறதே.

அதோடு விடவில்லை. சுரங்கத்தில் பெல்ட்டில் ஆள் இறங்கும்போது சுவிட்சில் ஓர் அட்டை தொங்கும்: ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே. அட்டையைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் தொலைந்தார்கள். ஆபத்து இல்லை, வேலையைத் தொடங்கலாம் என்று கொடுக்கும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர். நான் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அதையே எழுதி, நூல் கோத்தேன். பெட்டிப் பக்கம் யார் போனாலும், போகும் முன் துப்பாக்கியில் அட்டையைக் கட்ட வேண்டும். திரும்பி வந்தவர்தான் எடுக்க வேண்டும்.

"லைன் கிளியர் வாங்கிட்டுத்தான் சுடணுமா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா."

"ஒரு பொம்மைக்கு?"

"கண்ணு பொம்மை இல்லம்மா."

ஆயுத பூஜை வந்தது. அன்று காலை, பூஜைக்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று துப்பாக்கியில் குண்டு போட்டு, இழுத்து, தோட்டத்து ஸ்டூலில் வைத்து, அட்டையைக் கட்டினேன். தாள் கிழிந்திருந்ததால் புதிது ஒட்டப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன்.

அதே நேரத்தில் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு தோட்டத்துக்கு வந்தாள். எங்கள் ஊரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இரும்பே இருக்காது. ஸ்கூட்டருக்கு வைத்தாள். தண்ணீர் மோட்டாருக்கு வைத்தாள். அரிவாள்மணைக்கு, என் ஸ்பேனர்களுக்கு வைத்தாள். ஸ்டூலுக்கு வந்தாள். பொட்டு வைக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு ஓர் அட்டை தொங்கியது. அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, துப்பாக்கியை முந்தானையால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு உள்ளே போனாள். குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் வைத்திருந்தாள்.

பிறகு மகள் வந்தாள். சேஃப்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அப்பா சொன்ன முறைப்படி, வேலை முடிந்தது என்று அர்த்தம். குறி பார்த்தாள்.

நான் நிமிர்ந்தேன்.

டக் என்று ஒரு சத்தம். வலி இல்லை. இடது பக்கத்து உலகம் மட்டும் நட்சத்திரமாக வெடித்து நின்றது. நான் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்து திறந்து மூடினேன். கண் இருந்தது. கண்ணாடியில்தான் விரிசல் விழுந்திருந்தது. மகள் ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அப்பா, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க," என்று கத்தினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூஜை முடிந்து இலை போட்டதும் விசாரணை நடந்தது.

"அட்டைய யாரு எடுத்தது?" என்றேன்.

"நான்தான். சாமிக்கு வைக்கிற சாமான்ல அட்டை என்னாத்துக்கு? கட்டுனது நீங்க, எடுத்தது நான், சுட்டது அவ. யாருக்கு மெமோ குடுக்கப் போறீங்க, குடுங்க." பேசிக்கொண்டே என் இலையில் வடை வைத்தாள். வைத்த வடையின் மேலேயே இன்னும் மூன்று வைத்தாள். அதனால் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மகள் சாப்பிடவில்லை. "தூக்கிப் போட்டுடலாம்பா," என்றாள். அவள் இப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் முதல் நாளில் இருந்து நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் துப்பாக்கியைப் பார்க்காமல் சொன்னாள். பிரித்து மாட்டிய தன் கையையும் பார்க்காமல் சொன்னாள். அடுத்த வார இறுதியில் வந்தபோது, மிக்சி மூடி இறுகிக்கொண்டது என்று அவள் அம்மா கூப்பிட்டாள். "அப்பாகிட்ட குடும்மா" என்று சொல்லிவிட்டு மகள் படுத்துக்கொண்டாள். எனக்கு அந்த டக் சத்தத்தைவிட இது பயமாக இருந்தது.

அன்று மாலை துப்பாக்கியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. "அட்டை தப்பு," என்றேன். "அட்டைய யாரு வேணா எடுக்கலாம். அதனாலதான் பெரிய வேலைன்னா பூட்டுப் போட்டு, சாவிய எறங்குற ஆளே பாக்கெட்ல வச்சுக்குவோம். இதுல சாவி எது?"

அவள் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, துப்பாக்கியின் வாய் சுவரைப் பார்க்கும்படி பிடித்து, அடியில் இருந்து குண்டுகள் உள்ள மேகசினை உருவினாள். இழுத்து, சுவரைப் பார்த்து ஒரு முறை வெறுமனே சுட்டாள். உள்ளே தங்கிய ஒரு குண்டு சுவரில் பட்டுத் தெறித்துத் தலையணையில் போய் விழுந்தது.

"மேகசின எடுத்தாலும் இது உள்ளயே இருந்திருக்கும். எடுத்துட்டு ஒரு தடவ காலியா சுடணும். ரெண்டும் பண்ணாத்தான் லைன் கிளியர்." மேகசினை என் சட்டைப் பையில் போட்டாள். "பெட்டிப் பக்கம் போனா இது உங்க பாக்கெட்ல இருக்கணும். அப்புறம், நீங்களும் சேஃப்டி கண்ணாடி போடணும். ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களே!"

அதன்பின் எழுந்து போய் மிக்சியைத் திறந்து கொடுத்தாள்.

கண்ணாடி மாற்றிவிட்டேன். இன்னும் யாராவது பேனாவை டக்கென்று அழுத்தினால் இடது கண் மூடிக்கொள்கிறது. மேகசின் என் பையில் இருக்கிறது. பெட்டிப் பக்கம் போகும்போது மட்டும் இல்லை, ஷிஃப்டுக்குப் போகும்போதும். அவள் ஹாஸ்டலில் இருந்து கூப்பிடுகிறாள்.

"அப்பா, சனிக்கிழமை வரேன். புது ரப்பர் வாங்கியிருக்கேன். மேகசின் எங்க?"

"என்கிட்டதான்."

"இப்பவுமா? நான் இங்க இருக்கேன், துப்பாக்கி அங்க இருக்கு. யாரு சுடப் போறா?"

"அம்மா இருக்காளே," என்றேன்.