விறைத்த பிள்ளைகள்

எங்கள் மூத்த பிள்ளை மகன். முப்பத்து நான்கு நாள் உயிரோடு இருந்தான். பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம், வைக்கவில்லை.

பிறந்தபோதே அவன் உடம்பு விறைப்பாக இருந்தது. இரண்டு கையையும் இறுக்கி நெஞ்சோடு வைத்திருப்பான். விரலைப் பிரித்தால் பிரியாது. பிரசவ நேரத்தில் மூச்சு முட்டியிருக்கலாம், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் என் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கதவு காற்றில் அடித்தால், சமையலறையில் தட்டு விழுந்தால், யாராவது பலமாகத் தும்மினால், அவன் உடம்பு ஒரு முறை தூக்கிப்போடும். பிறகு கட்டைபோல நீண்டுவிடும். கண் மட்டும் திறந்தே இருக்கும். தூங்கும்போது மட்டும் மற்றப் பிள்ளைகளைப் போலக் கையும் காலும் தளர்ந்து கிடப்பான். அந்த நேரமாகப் பார்க்க வந்தவர்கள், நன்றாகத்தானே இருக்கிறான், நீதான் வீணாகப் பயப்படுகிறாய் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது ஒரு பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை, முறைக்கு அப்படிக் கூப்பிடுவோம். சாத்தூரில் தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போகிறவர். காலையில் ஆலை வேன் வருவதற்குள் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு ஓடுவார். என்னையும் அவர்தான் குளிப்பாட்டினாராம். இவன் பயந்த பிள்ளை என்று சொல்லி, செம்பால் ஊற்றாமல் உள்ளங்கையில் வெந்நீர் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்.

முப்பத்து நான்காவது நாள் காலையில், முகத்தில் தண்ணீர் பட்டதும் விறைத்தான். வழக்கமாகச் சிறிது நேரத்தில் விட்டுவிடும். அன்று விடவில்லை. பெரியம்மா அவனைத் தேய்த்துவிட்டார், பேர் இல்லாத பிள்ளையை ராசா ராசா என்று கூப்பிட்டார். நான் அருகில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. ஆட்டோ பிடித்துச் சிவகாசிக்குக் கொண்டுபோனபோது, வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் வந்து சேர்ந்தபோது வாசலில் தெருவே நின்றது. பெரியம்மா நனைந்த சேலையோடு சுவரை ஒட்டி நின்றார். அன்று வேலைக்குப் போகவில்லை. இவர் நேராக அவர் முன்னால் போய் நின்று, "எம் புள்ளயக் கொன்னுட்டீகளே" என்றார். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

நான் அப்படி இல்லையென்று சொல்லவில்லை. என் மனதிலும் அதுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெரியம்மா எந்தப் பிள்ளையையும் குளிப்பாட்டவில்லை என்று அம்மா சொல்லித் தெரிந்தது. யாரும் கூப்பிடவும் இல்லையாம்.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், பள்ளிக்கூட கைடு எல்லாம் செய்வோம். மகன் போன மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள். அவளைத் துடைத்து என் பக்கத்தில் வைத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். இறுக்கி மூடியிருந்தது. விரலைப் பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தடவை அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சிவகாசியில் எங்கள் வாடகை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். குளிப்பாட்டவே இல்லை, ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. கதவுகளுக்கெல்லாம் சாக்கு மடித்து அண்டக் கொடுத்தேன். ஆனால் அது பட்டாசு சீசன் நேரம். வெளியூர் வியாபாரிகள் வந்தால் சாம்பிள் வெடித்துக் காட்டுவார்கள். எங்கேயோ ஒரு வெடி கேட்கும், இங்கே தொட்டிலில் பிள்ளை தூக்கிப்போட்டு நீளும். உள்ளூர் டாக்டர் வலிப்பு என்று மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. தலையில் ஒயர் ஒட்டி மூளையைப் பதிவு எடுத்துப் பார்த்தார்கள், அதில் வலிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. கடைசியில் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மதுரையில் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், நரம்பு வைத்தியம். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு விரலால் பிள்ளையின் மூக்கு நுனியில் மெதுவாகத் தட்டினார். தலை வெடுக்கென்று பின்னால் போனது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதேபோல. மற்றப் பிள்ளைகள் இரண்டு மூன்று தட்டில் பழகிவிடும், இவள் பழகவில்லை, பாருங்கள் என்றார். ஆறாவதோ ஏழாவதோ தட்டில் பிள்ளை விறைத்துவிட்டாள். மூச்சு நின்றது. நான் எழுந்துவிட்டேன். டாக்டர் அவசரப்படாமல் ஒரு கையால் தலையை நெஞ்சோடு சேர்த்து மடக்கினார், மறு கையால் இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கிப் பிடித்தார். அவ்வளவுதான். விறைப்பு விட்டது. பிள்ளை அழுதாள்.

அப்போது என் கணவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஒரு நரம்பணுவின் முனை, சின்ன இடைவெளி, எதிரில் அடுத்த அணு. இந்தப் படத்தை நானே வரைந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு கைடுக்காகக் கம்ப்யூட்டரில் இரண்டு குமிழ் போட்டு, நடுவில் புள்ளிகள் தெளித்து, அந்தப் பக்கம் கிண்ணம் கிண்ணமாக ஏற்பிகளை வரைந்து, 'நரம்புச் சந்திப்பு' என்று கீழே எழுதியிருந்தேன். செய்தி போகிற திசைக்கு ஒரு அம்புக்குறியும் போட்டேன். நரம்பு என்றால் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

தடுப்பதற்கென்றே தனி நரம்பணுக்கள் உண்டு என்றார் டாக்டர். கையை மடக்கினால், மடக்குகிற தசைக்கு வேலை செய் என்று போகும்போதே, நீட்டுகிற தசையைச் சும்மா இரு என்று ஒரு நரம்பணு அடக்க வேண்டும். சத்தம் கேட்டால் எல்லோருக்கும் உடம்பு திடுக்கிடும். உடனே மூளைத் தண்டிலும் முதுகுத் தண்டிலும் இருக்கிற அந்த அணுக்கள் போதும் என்று அடக்கிவிடும். அவை கிளைசின் என்று ஒரு பொருளைச் சுரக்கும். அடுத்த அணுவில் அதை வாங்கிக்கொள்கிற ஏற்பிகள் வாசல் மாதிரி திறக்கும், அணு அடங்கும். இவளுக்குக் கிளைசின் வருகிறது, வாசல் சரியாகத் திறக்கவில்லை. அதனால் மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. உடம்பு கட்டையாகிறது. நெஞ்சுத் தசையும் சேர்ந்து இறுகினால் மூச்சு நிற்கிறது. நினைவு மட்டும் போவதில்லை. நடப்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும்.

கெட்டுப்போன ஏற்பியைச் சரி செய்ய மருந்து இல்லையாம். ஆனால் அடக்குவதற்குக் காபா என்று இன்னொரு பொருளும், அதற்கென்று வேறு ஏற்பிகளும் இருக்கின்றன. அவற்றைக் கூடுதலாக வேலை செய்ய வைக்கிற மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்.

நான் மூத்தவனைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

"அன்னைக்கு இந்த மாதிரி மடக்கிப் பிடிச்சிருந்தா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "பிழைச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

பிறகு, நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேட்டார். நான் அத்தை மகனைக் கட்டியவள். எங்கள் இரண்டு பேரிடமும் இந்தக் கோளாறு ஆளுக்குப் பாதியாக இருக்கும், எங்களை அது ஒன்றும் செய்யாது, இரண்டு பாதியும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தால்தான் இப்படி வரும் என்றார். பிறகு வந்த ரத்தப் பரிசோதனையில் அதுவே உறுதியானது.

அன்றே பஸ்ஸில் திரும்பினோம். விருதுநகரில் நின்றபோது இவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அவுகள ஊருக்கு முன்னாடி அப்படிக் கேட்டுட்டேனே."

நாம் இரண்டு பேரும் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் அத்தான் என்றேன். அவர் வர மாட்டேன் என்றார், முகத்தைப் பார்க்க முடியாது என்றார். பல மாதம் தள்ளிப்போட்டேன். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன்.

பெரியம்மா வீட்டில்தான் இருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். வாங்க என்று என்னை மரியாதையாகக் கூப்பிட்டார், அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாய் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அது பிறவியிலேயே இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் கொடுத்தது, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அன்றைக்கு அவர் பேசியதும் நான் பேசாமல் இருந்ததும்தான் தப்பு என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இவளுக்கும் விறைக்குதா?" என்றார் கடைசியில்.

முன்னைவிடக் குறைவு, மாத்திரை இருக்கிறது, விறைத்தாலும் இப்போது பயமில்லை என்று சொல்லி, பிள்ளையை மடியில் கிடத்தி, தலையையும் முழங்காலையும் மடக்கிக் காட்டினேன். நல்ல செய்தி சொல்வதாகவே நினைத்துக்கொண்டு செய்தேன். அவர் என் கையையே பார்த்தார்.

"மடக்கணுமா?"

"ஆமா பெரியம்மா."

"நான் நீட்டுனேன் தாயி" என்றார். "மடங்கிட்டா மூச்சு வராதுன்னு நெனச்சு, முழங்கால ரெண்டையும் அமுக்கி நீட்டிப் புடிச்சேன். கடைசி வரைக்கும் விடல."

நான் இதை யோசித்திருக்கவே இல்லை. டாக்டர்களுக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். தெரியாதுதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "என் கைராசிதான் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப என்ன செஞ்சேன்னு தெரிஞ்சுபோச்சு."

எழுந்து அடுப்படிக்குப் போனார். காப்பி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது தெருமுனை வரை வந்தார்.

என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் இவரே ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். காப்பி ஆறிரும், குடிங்கன்னாக. வேற ஒண்ணும் பேசல" என்றார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. பெரியம்மா சாத்தூரில் தன் மகளோடு போய் இருப்பதாகக் கேள்வி.

எங்கள் மகளுக்கு இப்போது நான்கரை வயது. உடம்பு விறைப்பு பெரும்பாலும் விட்டுவிட்டது. சுவரைப் பிடித்து நடந்தவள் இப்போது தனியாக நடக்கிறாள். எதிர்பாராமல் சத்தம் கேட்டால் மட்டும் அப்படியே நின்ற நிலையில் சாய்ந்து விழுவாள். கையை ஊன்ற வராது. நெற்றியில் இரண்டு இடத்தில் தையல் போட்டாயிற்று. அங்கன்வாடியில் பொறுப்பெடுக்கப் பயப்பட்டார்கள், நிறுத்திவிட்டோம். இவர் வேறு வேலைக்கு அலைந்து பார்த்தார். அமையவில்லை, அதே ஆலைக்குத்தான் போகிறார். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, பேசாமலே முடிவாகிவிட்டது.

போன வாரம் குக்கர் விசில் அடித்ததும் சமையலறை வாசலில் விழுந்தாள். தூக்கி மடக்கிப் பிடித்தேன். விறைப்பு விட்டதும் அழாமல், இப்போது என்ன சத்தம் என்று கேட்டாள். எப்போதும் கேட்பாள். உடனே சொல்லிவிட வேண்டும். குக்கர் என்றேன். குக்கர் என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்த விசில் வருவதற்குள் எழுந்து போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.